பச்சைக்கும் பச்சைக்கும் நடுவில் நீலம்

பிப்ரவரி 3

சுண்டு,

நலமா என்று தொடங்கினால் மீதியைப் படிக்காமலே மடித்து வைத்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. உன் நலத்தை உன்னிடம் கேட்க வழியில்லாமல் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்லவேளை, அவர் உன்னைப் போல என் நம்பரைத் தடுத்து வைக்கவில்லை.

உன் அண்ணன் ஆபரேஷன் காயம் ஆறி மாடிப்படி ஏறுகிறார், குழம்பில் உப்பில்லை என்கிறார், நன்றாக இருக்கிறார். ஆனால் இது அவரைப் பற்றிய கடிதம் இல்லை.

நம் தெருக்கோடியில் இருக்கும் பெண்கள் விடுதி உனக்குத் தெரியும். மத்தியானத்தில் அங்கே போய்க் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு நர்சிங் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள். இழுத்து மூடிய ஒரு கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டர்கள் பதினொன்றை விடுதிக்குக் கொடுத்துவிட்டது. கூடவே ஒரு பெட்டி நிறைய சாம்பல் வயர், வயரின் முனையில் மாட்டுகிற கண்ணாடி மாதிரியான குட்டித் தலைகள், ஒரு இடுக்கி, விளக்கு எரியும் சோதனைப் பெட்டி, வரிசையாகத் துளை போட்ட தட்டைப் பெட்டி ஒன்று. எது எதற்கு என்று என்னைக் கேட்காதே. உன்னைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

தேர்வு நடத்துகிறவர்களுக்கு வார்டன் எழுதிப் போட்டார். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசினால், அறை அவர்களுடைய ஆய்வில் தேறினால், தேர்வை இங்கேயே நடத்தலாம் என்று பதில் வந்திருக்கிறது! இல்லையென்றால் வழக்கம் போலத்தான். ஒரு பகல் முழுக்கப் பயணம் போய், எங்கேயாவது தங்கி, மறுநாள் எழுத வேண்டும்.

விடுதியில் ஒருத்தி இருக்கிறாள். வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். போன வருஷம் அவளை அவள் மாமா பஸ் ஏறும் இடத்திலிருந்தே திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வெளியூர்ல தங்குறதெல்லாம் நடக்காது. படிச்ச வரைக்கும் போதும்." இந்த வருஷமும் அதே மாமா, அதே பேச்சு. வயது வரம்பு வேறு இருக்கிறது. அவளுக்கு இதுதான் கடைசி முறை.

மெக்கானிக் ஒருவர் வந்தார். டீ குடித்தார். "லேன் போடணும்மா, பெரிய வேலை" என்றார். போனவர் போனவர்தான்.

லேன் என்றால் என்ன? அரிச்சுவடியிலிருந்து சொல்லு. வயர் இழுப்பதே பிழைப்பான நாத்தனாரே, வயரைப் பற்றிக் கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை. சிரிக்காதே.

அண்ணி

---

பிப்ரவரி 11

அண்ணி,

சிரித்தேன். சாப்பாட்டு அறையில் சத்தமாகச் சிரித்ததில், எதிரே உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன் "லாட்டரியா?" என்று கேட்டார்.

"உனக்கு வயருதான் சொந்தம், மனுஷங்க இல்ல." சொன்னது நீங்கள்தானே? இப்போது அந்தச் சொந்தத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தி வைக்கச் சொல்கிறீர்கள். அண்ணனுக்கு ஆபரேஷன் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நடந்து முடிந்த பிறகு, ஏன் வரவில்லை என்று மட்டும் போனில் கேட்டீர்கள். அதை இதோடு விடுகிறேன். விட்டேன் என்று அர்த்தமில்லை.

போன் வேண்டாம். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். உங்கள் பாடமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. பழைய காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே வயரில் கோத்துவிடுவார்கள். இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இரண்டு பேச்சும் மோதிச் செத்துப்போகும். பிறகு இரண்டும் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து, திரும்பப் பேசும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பொறுமை இருந்தது.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. உங்களிடம் இருக்கும் துளைப் பெட்டிக்குப் பெயர் ஸ்விட்ச். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் தனித்தனி வயர் அதற்கு வரும். யார் எந்தத் துளையில் இருக்கிறார் என்று முதலில் அதற்குத் தெரியாது, எல்லா வாசலிலும் நின்று கூப்பிடும். பேசியவர் எந்தத் துளை வழியாகப் பேசினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை நேராக அந்த வாசலுக்கே போகும். லேன் என்பது இவ்வளவுதான்: ஒரு கட்டடத்துக்குள் இருப்பவை, வெளியுலகத்தைக் கேட்காமல், தங்களுக்குள் பேசிக்கொள்வது. பதினொன்றாவது கம்ப்யூட்டர் சர்வர். வினாத்தாள் அதில் இருக்கும். மற்ற பத்தும் அதைக் கேட்டு வாங்கும், விடையை அதனிடமே கொடுக்கும்.

வயருக்குள் எட்டுக் கம்பி இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். முறுக்கை அவிழ்த்து நீட்டி விடாதீர்கள், தலைக்குள் போகிற அளவு மட்டும் பிரியுங்கள். இரண்டு முனையிலும் இடமிருந்து வலமாக இந்த வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. தலைக்குள் செருகி இடுக்கியால் ஓங்கி ஒரு அமுக்கு.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி கொடுக்க வேண்டும். எப்படி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மெக்கானிக் சொன்னது சரி, பெரிய வேலைதான். ஆனால் நீங்கள் செய்துவிடுவீர்கள். பிடித்தால் விடமாட்டீர்கள், அது எனக்குத் தெரியும்.

சுண்டு

---

பிப்ரவரி 20

சுண்டு, சுண்டு,

முதல் தலையை அமுக்கியபோது "டக்" என்று ஒரு சத்தம் வந்தது பார், அடடா! என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இப்படிப் படபடக்கவில்லை. உன் அண்ணனிடம் சொன்னேன். "கல்யாணத்தன்னைக்கு எனக்குத்தான் படபடப்பு" என்கிறார்.

முதலில் செய்த சில தலைகள் வீண். ஒரு கம்பி குட்டையாகிவிடும், ஒன்று மடங்கிவிடும். சாமியைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், கை படிந்துவிட்டது. இப்போது வாயாடி பேசி முடிப்பதற்குள் நான் ஒரு தலை முடித்துவிடுகிறேன் (அவள் பேசி முடிப்பதே இல்லை என்பது வேறு). சோதனைப் பெட்டியில் செருகினால் ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக ஓடுகிறது. பார்க்கவே அழகு! சுவரோரமாக ஒரே மட்டத்தில் வயரை ஓட்டி ஆணி அடித்துவிட்டேன். வார்டன் வந்து பார்த்துவிட்டு, "என்ன இது, கோடு போட்ட மாதிரி இருக்கு" என்று அசந்துபோனார்.

ஆனால் கம்ப்யூட்டர்கள் ஒன்றின் மேல் ஒன்று பாய்கின்றன. "இந்த முகவரி ஏற்கெனவே வேறொருவரிடம் உள்ளது" என்று ஒவ்வொன்றும் சண்டைக்கு வருகிறது. நீ எழுதிய முகவரியைத்தான் எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் போட்டேன். ஒரே அறையில் இருக்கிறவர்களுக்கு முகவரியும் ஒன்றுதானே? நம் வீட்டில் எனக்கொரு கதவிலக்கம், உன் அண்ணனுக்கொரு கதவிலக்கமா இருக்கிறது?

இன்னொன்று. ஆபரேஷன் விஷயம். உனக்குத் தகவல் சொல்லிவிட்டதாக உன் அண்ணன் அன்றைக்கு என்னிடம் சொன்னார். அதை நம்பித்தான் உன்னைக் கேட்டேன். உன் கடிதம் வந்ததும் நிற்க வைத்து விசாரித்தேன். "சொல்லலாம்னு நெனச்சேன். அவ பதறிப் போயிடுவாளேன்னு விட்டுட்டேன்" என்கிறார். அவருக்கு இரண்டு நாளாக என் பேச்சு இல்லை, சாப்பாடு மட்டும் உண்டு.

அண்ணி

---

மார்ச் 1

அண்ணி,

அண்ணனோடு பேசுங்கள். அவர் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கெட்ட சேதியை நினைப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

முகவரிக்கு வருவோம். தப்பு என்னுடையது. உதாரணம் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். முகவரி என்பது நான்கு எண், அதில் முதல் மூன்றும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், அதுதான் நீங்கள் சொல்கிற கதவிலக்கம். கடைசி எண் ஆளுக்கொன்று. கதவில் எண் ஒன்றுதான், ஆனால் "ஏய்" என்று கூப்பிட்டால் எல்லோரும் வந்தால் எப்படி? அண்ணனை "என்னங்க" என்பீர்கள், என்னைச் சுண்டு என்பீர்கள். கடைசி எண் அந்த மாதிரி. சர்வருக்கு ஒன்று, மற்றவற்றுக்கு அடுத்தடுத்த எண்கள். மாற்றிப் பாருங்கள், சண்டை ஓய்ந்துவிடும்.

நாங்கள் வயர் இழுக்கும் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இன்று நான்காவது மாடிக்கு உயிர் வந்தது. நூறு விளக்கு ஒன்றாகச் சிமிட்டும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அந்த நிமிஷம் அலுக்கவில்லை. உங்களுக்கும் அது வரப்போகிறது என்று நினைத்தால் எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

சுண்டு

---

மார்ச் 9

சுண்டு,

சண்டை ஓய்ந்தது. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரும் சர்வரோடு கலகலவென்று பேசுகின்றன. மாதிரி வினாத்தாள் வந்து விழுந்தது! அந்த இரண்டுக்கும் வயர் கைநீளம்தான்.

மற்ற எட்டும் தூரத்தில் இருக்கின்றன, வயர் கூடத்தைச் சுற்றிப் போகிறது. அவைதான் உயிரை எடுக்கின்றன. ஒன்று முதல் கேள்வியைக் காட்டுகிறது, இரண்டாவதுக்கு மயங்கி விழுகிறது. ஒன்று படத்தில் பாதி மட்டும் காட்டுகிறது. சில நேரம் சர்வரே இல்லை என்கிறது. சோதனைப் பெட்டியில் எட்டு விளக்கும் குறையில்லாமல் ஓடுகின்றன. எல்லாத் தலைகளையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். முன்பைவிட நேர்த்தியாகவே போட்டேன். அதே கதைதான்.

ஆய்வாளர் மார்ச் 27 அன்று வருகிறார். ஒருமுறைதான் வருவாராம். பத்தும் ஒரே சமயத்தில் வினாத்தாளை வாங்க வேண்டுமாம், ஒன்று தவறினாலும் அறை தேறாது. நேற்று வாயாடியின் மாமா விடுதிக்கு வந்து, "உங்க பொட்டி வேலை செஞ்சா எழுதட்டும். இல்லைன்னா பேசாம வீட்டுக்கு அனுப்புங்க" என்றார். அவள் வாயே திறக்கவில்லை, சுண்டு. அவள் வாய் திறக்காமல் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆனால் கடவுள் வயர் வேலை படித்திருக்கிறாரா என்று தெரியவில்லை, நீ படித்திருக்கிறாய். அதனால் ஒரு வயரின் தலையை வெட்டி இந்த உறைக்குள்ளேயே வைத்து விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கண்ணால் பார்த்துச் சொல்லு.

அண்ணி

---

மார்ச் 13

அண்ணி!!

உறையைப் பிரித்தேன். தலையை வெளிச்சத்தில் பிடித்தேன். கையிலிருந்த டீ மேஜை முழுக்க.

ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. அணிவகுப்பு மாதிரி வரிசை! நான் எழுதிய வரிசையை எடுத்துப் பாருங்கள். வெள்ளை-பச்சைக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறேன்? நீலம். பச்சை எங்கே? ஆறாவது. நான் எழுதியதை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள்! நான் அவசரக்காரி, இடம் மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைத்து, கணக்கில் கூட்டல் தப்பைச் சரிசெய்வது போலச் சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டீர்கள். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கோபமாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இவ்வளவு அழகான தப்பை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. எங்கள் மேற்பார்வையாளர் அதை வாங்கித் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். "யார் செஞ்சது? கை சுத்தமா இருக்கே!" என்றார். "எங்க அண்ணி" என்றேன்.

இப்போது ஏன் என்று சொல்கிறேன். ஏன் என்று தெரியாமல் விட்டால் திரும்பவும் திருத்துவீர்கள். தலைக்குள் கம்பிக்கொன்றாக எட்டு ஊசி இருக்கிறது; பேச்சு போவது ஒன்று, இரண்டு என்ற ஊசிகளில் ஒரு ஜோடியாக. வருவது மூன்று, ஆறு என்ற ஊசிகளில் இன்னொரு ஜோடியாக. நான்கும் ஐந்தும் நடுவில் வேறு ஜோடி. அந்தக் காலத்து டெலிபோன் ஆட்கள் நடு இடத்தைத் தங்களுக்கென்று பிடித்துவைத்தார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. கம்பியை எதற்கு முறுக்குகிறார்கள்? வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழும். அந்தப் பக்கம் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்தால் இரைச்சல் அடிபட்டுப் பேச்சு மட்டும் மிஞ்சும். முறுக்கிய இரண்டும் ஒரே பேச்சைச் சுமந்தால்தான் இது நடக்கும். உங்கள் வரிசையில் மூன்றில் பச்சை ஜோடியில் ஒருத்தி, ஆறில் நீல ஜோடியில் ஒருத்தி. ஒரு பேச்சை அந்நியர் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கைநீளத்துக்குச் சமாளித்துவிடுவார்கள். கூடத்தைச் சுற்றி வரச் சொன்னால் இரைச்சலில் எல்லாம் கரைந்துவிடும். சோதனைப் பெட்டிக்கு இது தெரியாது. இந்த முனையில் இருப்பது அந்த முனையில் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், யார் யாரோடு முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்காது.

ஆகவே அண்ணி, பச்சைக்கும் பச்சைக்கும் நடுவில் நீலம் உட்காரத்தான் வேண்டும். பார்க்கக் கண் உறுத்தும். கண்ணை மூடிக்கொண்டாவது செய்யுங்கள். நம்பாவிட்டால் பார்த்துச் செய்ய, நானே போட்ட ஒரு தலையை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். 27ஆம் தேதி எது நடந்தாலும் அடியுங்கள். நீங்கள் முழுதாகப் பேசி முடிக்கும் வரை நான் நடுவில் பேசமாட்டேன்.

சுண்டு

---

மார்ச் 27

சுண்டு,

மத்தியானம் போனில் கத்தியதையே திரும்ப எழுதுகிறேன். நீ "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், உனக்கு எது போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. வாயாடி வேறு என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள்.

ஆமாம், திருத்தினேன். உன் கடிதத்தில் "பச்சை" என்ற சொல்லுக்கு மேலே பென்சிலால் ஒரு அம்புக்குறிகூடப் போட்டிருக்கிறேன். நீ சின்னவள், நான் பெரியவள் என்ற நினைப்புத்தான், வேறொன்றுமில்லை.

உன் கடிதம் வந்த அன்றே எல்லாத் தலைகளையும் வெட்டினேன். நீ அனுப்பிய தலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். நீலத்தை நடுவில் வைக்கும்போது கை கூசியது, வைத்தேன். முதல் வயரை மாட்டினோம். கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த கம்ப்யூட்டர், படம், கேள்வி, கடிகாரம் எல்லாம் காட்டிக்கொண்டு பளிச்சென்று எழுந்து நின்றது! நான் அழுதுவிட்டேன். வார்டன், "நல்லது நடந்தா எதுக்கு அழுறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தானும் அழுதார்.

இன்று ஆய்வாளர் வந்தார். சிரிக்கத் தெரியாத மனிதர். பத்துப் பெண்களையும் உட்கார வைத்து, "நான் சொன்னதும் அழுத்துங்க" என்றார். நான் திரையைப் பார்க்கவில்லை, ஸ்விட்சைத்தான் பார்த்தேன். பத்து விளக்கும் ஒன்றாகத் துடித்தன பார்! நீ எழுதினாயே, அந்த நிமிஷம். கண் சிமிட்டுவதற்குள் பத்துத் திரையிலும் வினாத்தாள். இன்னொரு முறை அழுத்தச் சொன்னார். வந்தது. மூன்றாவது முறையும் வந்தது.

"இங்க டெக்னீஷியன் யாரு?" என்று கேட்டார். வார்டன் என்னைக் காட்டினார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தேர்வன்னைக்கு நீங்க கட்டாயம் இருக்கணும்" என்றார். "இல்லாம எங்க போவேன்?" என்றேன்.

அறை தேறிவிட்டது, சுண்டு! ஏப்ரல் 19 தேர்வு.

அண்ணி

---

ஏப்ரல் 4

அண்ணி,

எல்லாம் போய்ச் சேர்ந்தது. உங்கள் கத்தல், வாயாடியின் கத்தல், பின்னால் அண்ணன் "அவகிட்ட நான் பேசணும், குடுங்க" என்று கெஞ்சியது, எல்லாம். அவரோடு அன்று ராத்திரி வெகுநேரம் பேசினேன். இனிமேல் நினைப்பதோடு நிறுத்தமாட்டாராம். பார்ப்போம்.

ஒரு வேலை சொல்கிறேன். தேர்வன்று சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் மின்சாரம் ஒரே பலகையிலிருந்து வரட்டும். அந்தப் பலகையில் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று எதையும் யாரையும் செருக விடாதீர்கள். கையில் இரண்டு வயர் உபரியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். நம் தொழிலில் எல்லாம் சரியாக இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதுதான் கஷ்டமான வேலை.

நம் தொழில் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

சுண்டு

---

ஏப்ரல் 19

சுண்டு,

கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். தேர்வுக் கண்காணிப்பாளர் வந்து, "என்னம்மா எழுதுறீங்க?" என்று குனிந்து பார்த்தார். "நாத்தனாருக்குக் கடிதம்" என்றேன். "தேர்வு முடியற வரைக்கும் அது இந்த அறையைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் மூச்சுவிடும் சத்தம்தான். விளக்குகள் நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பெண்ணும் ஒரு விடையைத் தொட்டால் அவளுடைய துளை விளக்கு ஒரு துடி துடிக்கிறது. திரையைப் பார்க்காமலே யார் வேகம், யார் யோசனை என்று எனக்குத் தெரிகிறது. ஏழாவது விளக்கு வாயாடி. சரமாரியாகத் துடித்தது, வாயைப் போலவே. இப்போது கொஞ்ச நேரமாக நின்று நின்று துடிக்கிறது. கஷ்டமான கேள்வி போலிருக்கிறது. கடவுளே, அவளோடு இரு.

உன் அண்ணன் சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நிற்கிறாராம். உள்ளே விடமாட்டார்கள், என்னால் வெளியே போக முடியாது. நிற்கட்டும். வாயாடியின் மாமாவும் அங்கேதான் நிற்கிறாராம். கூடையிலிருந்து எடுத்து இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக வார்டன் சைகை காட்டினார். எனக்கு மிச்சம் வைப்பார்களா தெரியவில்லை.

சர்வரில் "வந்து சேர்ந்தவை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒருத்தி முடித்துக் கொடுத்தால் அதில் எண் ஏறும். இதோ ஒன்று. முதல் மேஜைப் பெண் எழுந்துவிட்டாள். மூன்று. நான்கு.

ஏழு. எட்டு.

ஒன்பது. வாயாடி இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் கை மவுஸின் மேலேயே இருக்கிறது, அழுத்தவில்லை. அழுத்தடி பெண்ணே. ஏழாவது விளக்கைத் தவிர இந்த அறையில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

துடித்துவிட்டது!

பத்து. சுண்டு, பத்து!